எல்லாக் கிழங்குக்கும் ஒரே குழியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை முடியும் வேளையில் பூக்கும் கிழங்குச் செடிகளைப் பற்றித் தங்கள் வீட்டுத்தோட்டப் பகுதியில் வந்த குறிப்பைப் படித்தேன். கிளாடியோலஸ், டேலியா, சம்பங்கி மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து, வசந்தத்தில் ஆறு அங்குல ஆழத்தில் நட்டுத் தினமும் தண்ணீர் விட்டால் போதும் என்று எழுதியிருந்தார்கள். அப்படிச் செய்தால் கிளாடியோலஸ் பிழைத்துக்கொள்ளும். டேலியா முளைக்கும் முன்பே அழுகிப்போக வாய்ப்பு அதிகம். சம்பங்கி புல்லைப் போல இலைவிட்டு நிற்கும், பூத்தண்டு வராது. நட்டவர் கிழங்கு விற்றவரைத் திட்டுவார். தவறு பெரும்பாலும் கிழங்கில் இருக்காது.

பொதுப்பெயர்தான் கிழங்கு. கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு விதம். சம்பங்கி வெங்காயத்தைப் போன்ற குமிழம், இலையடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியது. கிளாடியோலஸ் கந்தம். சருகுத் தோலை உரித்தால் உள்ளே அடுக்கு கிடையாது, முழுவதும் கெட்டியான தண்டுச் சதை. கல்வாழையில் இருப்பது இஞ்சியைப் போலப் படுத்து வளரும் மட்டநிலத்தண்டு. டேலியாவோ தண்டே அல்ல, பருத்த வேர். நட்டதும் வரும் குழப்பங்களில் பாதி இந்த டேலியாவால்தான் வருகிறது.

டேலியாக் கொத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய தண்டின் அடியில் கழுத்துப் பட்டை போல ஒரு பகுதி இருக்கும். முளைக்கண் அங்கேதான் உண்டு, குண்டூசித் தலை அளவில், சில சமயம் லேசான சிவப்பில். கீழே தொங்கும் பருத்த பகுதியில் எங்கு தேடினாலும் கண் கிடைக்காது. கொத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் கழுத்தும் ஒரு கண்ணும் சேர்ந்து வரவேண்டும். கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் வேர்விடும், ஆனால் முளைக்காது. கண் தெரியாவிட்டால் கொத்தை ஈரமான தென்னை நார்த்தூளில் வைத்து, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். கண் புடைத்து வந்தபின் கத்தியை எடுக்கலாம்.

கிளாடியோலஸ் வாங்கும்போது அகலத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அகலமாகத் தட்டையாக இருப்பது பெரும்பாலும் வயதான கந்தம். அடிப்பகுதியில் வேர் இருந்த வடு பெரிதாக இருந்தால் அதை வாங்காமல் விட்டுவிடுங்கள். குறுக்களவு 3 முதல் 4 செ.மீ., நடுவில் நன்றாக உயர்ந்து, அடிவடு சின்னதாக இருந்தால் நல்ல பூத்தண்டு தரும். சம்பங்கியில் அளவுதான் முக்கியம். குமிழம் 2 செ.மீ. குறுக்களவுக்குக் குறைந்தால் அந்த ஆண்டு பூவை எதிர்பார்க்க வேண்டாம். எதை வாங்கினாலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினாலோ அடித்தட்டு பழுப்பாகிப் புளித்த வாடை வந்தாலோ வேண்டாம்.

அடுத்தது காலம். 'வசந்தத்தில்' என்று எழுதுவதால் வாசகருக்குப் பயனில்லை. ஒருவர் ஊரில் அப்போது உறைபனி விலகியிருக்காது, இன்னொருவர் ஊரில் வெயில் கொளுத்தும். எனவே, மாதத்தின் பெயரை விட்டுவிட்டு நாள் கணக்கைக் கொடுக்கும்படி தங்கள் பகுதியில் எழுதுவோரைக் கேட்டுக்கொள்கிறேன். நட்ட நாளிலிருந்து பூ வர கிளாடியோலஸுக்கு 70 முதல் 100 நாள், டேலியாவுக்கும் சம்பங்கிக்கும் 90 முதல் 120 நாள் ஆகும். பூ வேண்டிய வாரத்தைக் காலண்டரில் குறித்துப் பின்னோக்கி எண்ணினால் நடும் வாரம் கிடைத்துவிடும். அந்த வாரத்தில் மண் தயாரா என்பதையும் பார்க்க வேண்டும். காலையில் 10 செ.மீ. ஆழத்தில் வெப்பமானியைச் செருகினால், கிளாடியோலஸுக்கு 12 டிகிரி செல்சியஸாவது காட்ட வேண்டும். சம்பங்கி 18க்குக் கீழே அசையாது. கிளாடியோலஸின் ஒரு தண்டு அதிகம் போனால் இரண்டு வாரம்தான் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல் 10 நாளுக்கு ஒரு வரிசையாக நான்கைந்து தவணை நட்டால் பூக்காலம் நீளும்.

ஆழத்துக்கு வருவோம். கிளாடியோலஸுக்கு 10 முதல் 15 செ.மீ., மணற்பாங்கான மண்ணில் கூடுதல், களிமண்ணில் குறைவு. மேலாக நட்டால் பூத்தண்டு கனத்தில் செடியே சாய்ந்துவிடும். செடி முழங்கால் உயரம் வந்ததும் மண் அணைத்துவிட்டால் பாதிக்குமேற்பட்ட செடிகளுக்கு முட்டுக்குச்சி தேவைப்படாது. டேலியாவைச் சுமார் 12 செ.மீ. குழியில் படுக்க வைத்து, கண் மேலே பார்க்கும்படி மூட வேண்டும். குச்சியை நடும்போதே ஊன்றிவிடுங்கள். செடி வளர்ந்தபின் குத்தினால் அடியில் கிழங்கைத் துளைக்கும், துளைத்தது மேலே தெரியவும் தெரியாது. சம்பங்கிக்கு 5 முதல் 7 செ.மீ. போதும், செடிக்குச் செடி 15 முதல் 20 செ.மீ. விட வேண்டும். கல்வாழைக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம், இரண்டு மூன்று கண்ணுள்ள துண்டை ஒரு சாண் ஆழத்துக்குள் வைத்தால் தானே வரும். எல்லாமே நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் கேட்பவை.

இனி தண்ணீர். கிழங்கை அதிகம் கொல்வது இதுதான். டேலியாவை நட்ட அன்று மண்ணில் கையில் ஒட்டும் ஈரம் இருந்தால், முளை தலைகாட்டும்வரை ஒரு சொட்டும் ஊற்ற வேண்டியதில்லை. அதற்கு உறிஞ்சும் வேரே இன்னும் வரவில்லை. முளைக்கத் தேவையான ஈரம் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. ஊற்றுவதெல்லாம் அழுகல் பூஞ்சைக்குத்தான் போகும். சம்பங்கிக்கும் பச்சை முனை தெரியும்வரை கைதான் அடங்க வேண்டும். கிளாடியோலஸில் கதை வேறு. மூன்றாவது இலையிலிருந்து ஏழாவது இலைவரை தண்டுக்குள் பூங்கொத்து உருவாகிக்கொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில் மண் காய்ந்தால் தண்டு குட்டையாக வரும், அல்லது வராமலே போகும். பூ வெளியே தெரிந்தபின் எவ்வளவு ஊற்றினாலும் அந்த இழப்பு ஈடாகாது.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'வடிகாலுக்கு அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போடுங்கள்' என்ற அறிவுரை பலகாலமாக எழுதப்பட்டு வருகிறது, தங்கள் குறிப்பிலும் இருந்தது. அது தவறு. குளியல் ஸ்பாஞ்சை நனைத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி சொட்டும். தண்ணீர் அளவு மாறவில்லை, உயரம்தான் கூடியது. தொட்டி மண்ணிலும் இதே கதைதான். அடியில் எப்போதும் சில விரற்கடை உயரத்துக்கு ஈரம் தேங்கியே நிற்கும். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. ஜல்லி போட்டால் அந்தத் தேங்கிய ஈரம் ஜல்லிக்கு மேலே ஏறி, கிழங்கு இருக்கும் மட்டத்துக்கே வந்துவிடும். 30 செ.மீ. ஆழத் தொட்டி, அடியில் துளைகள், மண் வெளியேறாமலிருக்கத் துளைமேல் ஒரு வலைத்துண்டு, இவை போதும். தோட்டமண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு என்ற கலவையை அடிமுதல் மேல்வரை ஒரே சீராக நிரப்புங்கள். மக்காத சாணம் கிழங்கின் தோலில் படக்கூடாது, பட்ட இடம் வெந்து அழுகும்.

உரம் பற்றியும் இரண்டு திருத்தம். தழைச்சத்து மிகுந்தால் டேலியா ஆளுயரம் வளர்ந்து இலையாகவே நிற்கும். கிளாடியோலஸ் இலைநுனி தீய்ந்தது போலக் காய்ந்தால் உடனே பூச்சிமருந்தைத் தேடுகிறார்கள். இந்தச் செடி ஃபுளோரைடைத் தாங்காது. சூப்பர் பாஸ்பேட்டில் அது கலந்திருக்கும். உரத்தை மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு மருந்தை யோசிக்கலாம்.

உண்மையான பூச்சி இலைப்பேன். இலையில் சாம்பல் பூசியது போன்ற வெள்ளிக் கோடுகள் வரும். மொக்கு விளிம்பு கருகித் திறக்காமல் நிற்கும். ஒரு மொக்கைப் பிரித்து வெள்ளைத்தாளின்மேல் தட்டினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் கோடு கோடாக ஊரும். சேமிப்பில் கந்தத்தின் தோலுக்கடியில் ஒளிந்திருந்து அடுத்த ஆண்டுக்கும் கூடவே வரும். எனவே, நடும் முன் தோலை உரித்துப் பாருங்கள். பழுப்புப் பொருக்குத் தட்டி, பிசுபிசுப்பாக இருப்பதைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள்.

டேலியாவில் மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பூ சில நாள் தள்ளிப்போகும், ஆனால் கிளை பெருகும். வாடிய பூவைப் பறிக்கும்போது புதியவர்கள் மொக்கையும் சேர்த்துப் பறித்துவிடுவதுண்டு. மொக்கு உருண்டையாகக் கெட்டியாக இருக்கும். முடிந்த பூ கூம்பாகி நுனி கூர்ந்து, அழுத்தினால் ஈரம் கசியும். பூச்சாடிக்கு வெட்டுவதிலும் வித்தியாசம் உண்டு. கிளாடியோலஸை அடிப்பூ நிறம் காட்டும்போதே வெட்டலாம், மற்றவை தண்ணீரில் கீழிருந்து மேலாக விரியும். டேலியா மொக்கை வெட்டினால் அது விரியாது. முக்கால் பங்கு மலர்ந்தபின்தான் வெட்ட வேண்டும்.

பூ முடிந்ததும் 'செடி அசிங்கமாக இருக்கிறது' என்று இலையை அறுத்துவிடுகிறார்களே, அங்கேதான் அடுத்த ஆண்டுப் பூ போகிறது. கிளாடியோலஸில் நட்ட கந்தம் அந்த ஆண்டோடு சுருங்கிச் செத்துவிடும். அதன் தலைமேல் புதுக்கந்தம் உருவாகும். அதை நிரப்புவது இந்த இலைகள்தான். பூத்தண்டை வெட்டும்போதே நான்கு இலையாவது செடியில் விட்டு, பிறகு ஆறு முதல் எட்டு வாரம் தொடாமல் இருங்கள். சுற்றிலும் மணி மணியாக ஒட்டியிருக்கும் குட்டிக் கந்தங்களும் வீண் இல்லை, இரண்டு மூன்று ஆண்டில் பூக்கும். சம்பங்கியிலும் ஒரு குமிழம் ஒரே ஒருமுறைதான் பூக்கும். பிறகு பக்கக் குமிழங்களே வாரிசு. பிரிக்காமல் விட்ட புதர் இலை மண்டிப் பூ குறைவதற்கு இதுவே காரணம்.

உறைபனியும் நீர்த்தேக்கமும் இல்லாத இடத்தில் கிழங்கைத் தோண்டாமலே விடலாம். தோண்டினால் சேமிப்பிலும் ஒரே முறை ஒத்துவராது. கிளாடியோலஸைக் காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் உலர்த்தி, பழைய கந்தத்தைப் பிய்த்தெறிந்து, வலைப்பையில் 5 டிகிரி வாக்கில் ஈரமில்லாமல் வையுங்கள். டேலியா அப்படிக் காய்ந்தால் சுருங்கிச் சாகும். 5 முதல் 10 டிகிரியில், பிழிந்தால் நீர் வராத அளவு ஈரமுள்ள நார்த்தூளில் புதைத்து, மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சுருங்கியிருந்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். அழுகியது இருந்தால் அந்தத் துண்டை மட்டும் நல்ல சதை வரும்வரை அறுத்தெறியுங்கள். சம்பங்கிக்குக் குளிரே ஆகாது, 15 டிகிரிக்குக் கீழே வைத்தால் பூக்கும் திறன் போய்விடும்.

குறிப்பில் வரவேண்டியிருந்து வராமல்போன ஒன்று உண்டு. இதே காலத்தில் பூக்கும் செங்காந்தளையும் அழகுக்கு வளர்க்கலாம் என்று பரிந்துரைத்தவர்கள், அதன் கிழங்கில் கொல்கிசின் என்ற கடும் நச்சு இருப்பதைச் சொல்லவில்லை. விரல் பருமனில், 'வி' எழுத்தைப் போல இருபுறம் நீளும் அந்தக் கிழங்கைச் சமையலுக்கான கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. செடியின் எல்லாப் பாகமும் நச்சுதான். கிளாடியோலஸ், மழை லில்லிக் கிழங்குகளையும் தின்னக்கூடாது. தோண்டிய கிழங்கைச் சமையலறை அலமாரியிலோ காய்கறிக் கூடையிலோ வைக்காமல், பெயரும் 'நச்சு' என்ற சொல்லும் எழுதி ஒட்டிய பெட்டியில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இடமில்லை என்று கடிதத்தில் எதைக் குறைத்தாலும் இந்தப் பத்தியைக் குறைக்காமல் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வீட்டுத்தோட்டப் பகுதியின் வாசகர்