நாலு எழுத்துக்குக் காசு நான் தருகிறேன்

பாளையங்கோட்டை

அன்புள்ள ஒடிசலுக்கு,

உன் போன மாதத்து போட்டோவைப் பார்த்ததிலிருந்து இந்தப் பெயரில் இன்னமும் கூப்பிடலாமா என்று யோசனையாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். அம்மா பரவாயில்லை, சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். இவர் வழக்கம்போல. சின்னவனுக்கு இன்னும் வேலை அமையவில்லை, அதைக் கேட்காதே. புனேயில் மழை விட்டதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிலோன் டீச்சர் போனதற்கு குரூப்பில் நீ கும்பிடுகிற கைப் படம் போட்டதைப் பார்த்தேன். போனில் பேசினால் ரெண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம். உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அடக்கத்துக்கு நல்ல கூட்டம். கொக்கி வந்திருந்தாள். தபால்பெட்டி சார் கம்பு ஊன்றிக்கொண்டு வந்து, "நீ யாரு மவ?" என்று என்னிடமே கேட்டார். சர்ச் ஐயர் பிரசங்கத்துக்கு பைபிளிலிருந்து ரூத்தை எடுத்தார். பிறந்த மண்ணை விட்டு வந்து மாமியாரைப் பார்த்துக்கொண்டவள், பொருத்தம்தான். ஆனால் அதோடு விட்டாரா? "நம் தாயார் பொறுமையின் சிகரம், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கொக்கி தொடையில் கிள்ளினாள். முகம் சுளிக்காத டீச்சரா? ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று நீ சொன்னபோது பார்த்த பார்வையை நினைத்துக்கொள்.

ரூத்தைப் பற்றி டீச்சரே என்னிடம் சொன்னது வேறு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த வாரம் அது. நான் அரண்டு போய் இருந்தேன். டீச்சர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார்கள். அம்மாவுக்குத் தலைமாட்டில் நின்று ஜெபம் பண்ணினார்கள், சின்ன ஜெபம்தான். முடித்த கையோடு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எங்கே, கஞ்சி கொண்டா" என்றார்கள்.

படுக்க வைத்து ஊட்டவே கூடாது என்பது முதல் பாடம். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். சின்ன ஸ்பூன். இழுத்துக்கொண்ட பக்கம் விட்டு, நன்றாக இருக்கிற பக்கத்துக் கன்னத்தில் வைத்தார்கள். தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார்கள். தொண்டைக்குழி ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். "வெறும் தண்ணிதான் முதல்ல புரையேறும், கஞ்சித் தண்ணியக் கொஞ்சம் கெட்டியா வை" என்றார்கள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிவிடச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் குதிகாலும் இடுப்பு எலும்பும் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு இன்று வரை ஒரு படுக்கைப் புண் கிடையாது. ஊட்டுவதைப் பெற்ற தாயிடம் படித்தார்களாம். அந்த அம்மாள் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா, வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளையை விட்டுப் போகிற இடம் அது. மற்றதையெல்லாம் மாமியாரிடம் படித்தேன் என்றார்கள்.

அந்த மாமியாரை உனக்கும் தெரியும். மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "சிலோன்காரி"தான். வாதம் வந்து பேச்செல்லாம் போய், ஒரே ஒரு கெட்ட வார்த்தை மட்டும் வாயில் நின்றுவிட்டது. கஞ்சி வேண்டுமென்றாலும் அதுதான், போதுமென்றாலும் அதுதான். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அப்புறம் சட்டென்று, "ரூத்துக்கு நகோமி மேல பிரியம் இருந்துச்சு. எனக்கு எங்க மாமியார் மேல இல்ல. பிரியத்தத் தா ஆண்டவரேன்னு கேட்டுப் பார்த்தேன், தரல. அப்ப பிரியம் இல்லாமச் செய்யப் பலத்தத் தான்னு கேட்டேன், அதக் குடுத்தார்" என்றார்கள். காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் நம்மைப் போன்ற கழுதைகளுக்கு டியூஷன், நடுவில் இது. பிரசங்கத்தில் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

டீச்சரிடம் நாம் கேட்ட கேள்விகளை நினைத்தால் சிரிப்பாக வருகிறது. அப்துல் ஹமீதைப் பார்த்திருக்கீங்களா டீச்சர், மயில்வாகனம் எப்படி இருப்பார் டீச்சர்? இங்கே வீட்டுக்கு வீடு சிலோன் ரேடியோதான் பாடிக்கொண்டிருந்தது. பாவம், அவர்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீட்டில், ரேடியோவே கிடையாதாம். நம் வீட்டுச் சொதியைப் பார்த்துவிட்டு, இத்தனை காய் போட்டுக் குழம்பு வைத்துவிட்டு அதற்குச் சொதி என்று பெயரா என்று கேட்டார்களே, என் அம்மா அந்த வாரம் முழுக்கப் பொருமினாள்.

காரியம் இதுதான். டீச்சர் மகன் தாடி கல்லறைக்குக் கல் அடிக்கக் கொடுக்கப் போகிறான். மாதிரி எழுதி எனக்கு அனுப்பினான். பிறப்பு 1949, பூர்வீகம் நாங்குநேரி. அவ்வளவுதான். ஹட்டன் என்று ஒரு சொல் இல்லை. துக்க அட்டையிலும் இப்படியேதான் போட்டிருந்தான்.

நாங்குநேரிப் பக்கம் டீச்சருடைய தாத்தா ஊர். வந்த புதிதில் டீச்சரும் அவர்கள் அப்பாவும் ஒரே ஒரு தடவை போயிருக்கிறார்கள். காணியில் பங்கு கேட்டு வந்துவிட்டார்களோ என்று பயந்து, திண்ணையிலேயே மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் சொந்தக்காரர்கள். அந்த ஊரையா கல்லில் வெட்டுவது?

அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 83 இலங்கைக் கலவரத்துக்கு அப்புறம் பள்ளிக்கூடத்தில் அவனை "அகதி" என்றுதான் கூப்பிட்டார்கள். 91-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு போலீஸ் வாசலில் வந்து நின்றது. டீச்சர் டிரங்குப் பெட்டியைத் திறந்து குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார்களாம். அவனுக்கு அப்போது பதினாறு வயது, மறக்குமா? முதலில் எல்லாம் டீச்சரும், "நான் அகதி இல்ல, ஒப்பந்தத்துல வந்தவ" என்று ஆள் ஆளுக்கு விளக்கம் சொல்வார்கள். பின்னால் நிறுத்திவிட்டார்கள். அகதி என்றால் மட்டும் என்ன கேவலம் என்று கேட்பார்கள்.

அந்த ஒப்பந்தத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது ஏட்டி. டீச்சர் பிறந்ததற்கு முந்தின வருஷமே, 1948-இல், அந்த நாட்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து ஆட்களை நாடில்லாதவர்கள் ஆக்கிவிட்டது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதி. டீச்சரின் அக்காளுக்கு வேறு தோட்டத்தில் கல்யாணமாகியிருந்தது. அத்தான் அங்கேயே இருக்க மனுப் போட்டார், டீச்சரின் அப்பா இங்கே வர மனுப் போட்டார். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ரெண்டு நாட்டுக் கணக்கில் போய்விட்டார்கள். அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயராம், பிளாட்பாரம் பூராவும் அப்படி அழுமாம். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கேயிருந்து இங்கே. பிறகு அக்காளைப் பார்க்கவே இல்லை. கடிதம்தான். ஹட்டனுக்கு எழுதிய கடைசிக் கடிதம் திரும்பி வந்தது, அதை பைபிளுக்குள் வைத்திருந்தார்கள்.

தாடியிடம் பேசினேன். "டோனாவூர் அம்மாவுக்குக் கல்லே கிடையாது, அவங்க என்ன குறைஞ்சு போயிட்டாங்க?" என்கிறான். உண்மைதான், டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1951-இல் இறந்தபோது கல் வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் போனார், பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்து "அம்மாய்" என்று மட்டும் பொறித்தார்கள். கல் வேண்டாமென்றால் எனக்கும் சம்மதம். வைத்தால் உண்மையை வை. அயர்லாந்துக்காரர் என்று அந்த அம்மாவை யாராவது மறைத்தார்களா? இந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டின ரேனியஸ் பிரஷ்யாவிலிருந்து வந்தவர், பெருமையாகச் சொல்கிறோம். முதல் கிறிஸ்தவக் கோயில் கட்டின குளோரிந்தா அம்மாள் தஞ்சாவூரிலிருந்து வந்தவர், அதையும் சொல்கிறோம். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர் என்றால் மட்டும் நாங்குநேரி ஆகிவிட வேண்டுமாக்கும்.

நான் பேசினால் அவனுக்குக் கோபம் வருகிறது. உன் சொல்லைத்தான் கேட்பான். டியூஷன் நேரமெல்லாம் உன் இடுப்பில் கிடந்த பயல்தானே. தேவைப்பட்டால் உன் புதுப் பாவாடையில் அவன் செய்த உபகாரத்தையும் ஞாபகப்படுத்து. அதட்டாதே, அந்தப் போலீஸ் கதையை அவன் சொன்னால் முழுதாகக் கேள். நாங்குநேரியை எடுக்கவும் சொல்லாதே, அது அவன் ஆசை, இருக்கட்டும். மேலே "பிறந்த ஊர் ஹட்டன்" என்று வந்தால் போதும். கல்லடிக்கிறவர் எழுத்துக் கணக்கில் கூலி கேட்கிறாராம். ஹட்டன் நாலு எழுத்துதான், காசு நான் தருகிறேன் என்று சொல்.

வருகிற திங்கட்கிழமை கல்லில் கை வைக்கிறார்கள். கொக்கி மகள் கல்யாணம் தை மாதம், வருவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம், முதலில் அவனுக்குப் போன் போடு.

உன்,
குண்டூசி