கழுவெளிக்கு விலை போடுகிறவர்களுக்கு

ஈரநிலங்களை மதிப்பிடும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

தென்சென்னையின் சதுப்பு நிலமான பள்ளிக்கரணைக் கழுவெளியின் மதிப்பு என்ன என்று கேட்டால் பதில் எப்போதும் ரூபாயில்தான் வருகிறது. பக்கத்து மனையின் வழிகாட்டி மதிப்பு, மீன் எவ்வளவு, பார்க்க வருகிறவர்கள் எவ்வளவு பேர். வாங்க ஆளில்லாத எதுவும் அந்தக் கணக்கில் ஏறாது. மழையை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்?

இன்னொரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கச் சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம், 1950களில் ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றில் விழும் வெயில் செடியாகி மீனாகி எங்கெங்கே போகிறது என்று அளந்தவர். அப்புறம் அதையே வளர்த்து, ஒரு பொருள் உருவாக நேராகவும் சுற்றிவளைத்தும் செலவான ஆற்றல் முழுவதையும் சூரிய ஆற்றலாக மாற்றிக் கூட்டும் முறையைக் கொண்டுவந்தார். பெயர் எமெர்ஜி. 1996இல் அவர் கொடுத்த எண்களில், மழைநீரில் இருக்கும் வேதி ஆற்றல் ஒரு ஜூலுக்குப் பின்னால் சுமார் 18,000 ஜூல் சூரிய ஆற்றல் நிற்கிறது, நிலக்கரியின் ஒரு ஜூலுக்குச் சுமார் 40,000. வெயில், காற்று, மழை எல்லாம் ஒரே மூலத்தின் வேலை என்பதால் மூன்றையும் கூட்டக் கூடாது, பெரியதை மட்டும் எடுக்க வேண்டும். அவ்வளவு கறார்.

ஒரு கோரையை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். கூடவே வரும் கறுப்புச் சேறு விரலில் அப்பிக்கொள்ளும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். எத்தனையோ வருடத்து மழையும் மட்கிய கோரையும் சேர்ந்த பிடி அது. ரூபாய்க் கணக்கில் அதற்கு ஒரு லோடு மண்ணின் விலைகூடக் கிடையாது.

ஐப்பசி கார்த்திகையில் எங்கள் தெருவில் தண்ணீர் இறைக்க டீசல் மோட்டார் வருகிறது, அந்த டீசல் செலவில் ஏறுகிறது. தென்சென்னை ஏரிகளின் உபரி நீரைத் தாங்கி ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாக மெல்ல விடும் கழுவெளியின் வேலை எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

எமெர்ஜியில் 18,000, 40,000 என்று வரும் இந்தப் பெருக்கல் எண்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன என்று பொருளாதாரக்காரர்கள் சொல்வது சரிதான். அதற்காக ரூபாய்க் கணக்கை எடுத்துவிடச் சொல்லவில்லை, பக்கத்தில் எமெர்ஜி கணக்குக்கும் ஒரு பத்தி போடுங்கள் என்கிறேன். 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுமார் 1,248 ஹெக்டேருக்கு முதலில் செய்யுங்கள்: பெய்யும் மழை, ஓடிவரும் நீர், சேற்றின் ஆழம், எதிர்ப்பக்கத்தில் நிரப்பக் கொட்டும் மண்ணும் சிமெண்டும் டீசலும். எந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதோடு அதைத் தமிழில் வெளியிடுங்கள்.