'பிரசவம் முடிஞ்சு வாங்கம்மா' என்று சொல்லும் டாக்டர்களுக்கு

மதிப்பிற்குரிய பல் டாக்டர்களுக்கும் மகப்பேறு டாக்டர்களுக்கும் வணக்கம்.

எனக்கு ஆறாம் மாதம். இடது கடைவாய்ப் பல்லில் சொத்தை. பல் டாக்டர் என் வாயைப் பார்க்கும் முன்பே வயிற்றைப் பார்த்துவிட்டு, "பிரசவம் முடிஞ்சு வாங்கம்மா" என்றார். மகப்பேறு டாக்டரோ, "அது பல் டாக்டர் சமாச்சாரம்" என்றார். இருவருமே சிரித்த முகத்தோடுதான் சொன்னீர்கள், அதில் குறையில்லை.

ராத்திரிதான் கொடுமை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னதும் நீங்கள்தான். இடது கன்னம் தலையணையில் பட்டாலே பல் விண்விண்ணென்று தெறிக்கிறது. வலது பக்கம் புரண்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிகிறது. 20 வாரத்துக்கு மேல் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கூடாது. பாராசிட்டமால் இந்த வலிக்கு எந்த மூலைக்கு?

மரத்துப்போகப் போடும் லிக்னோகைன் ஊசி, ஈயக் கவசத்தோடு எக்ஸ்ரே, சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை எல்லாமே கர்ப்பத்தில் செய்யலாம் என்பது உங்களுக்குத் தெரியாததா? அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2013-லேயே எழுத்தில் சொன்னதுதானே? தொற்றை அப்படியே விட்டுவைப்பதுதான் ஆபத்து. தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள்.

செக்கப்புக்குப் போனால் எடை, பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்க்கிறீர்கள். ஈறில் ரத்தம் வருகிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கும், ரத்தத்துக்குப் பயந்து தேய்ப்பதை விட்டால் இன்னும் மோசமாகும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்கக் கூடாது, அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும், சோடா உப்பு கலந்த தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பதையெல்லாம் நானேதான் தேடிப் படித்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய்க்கு ஒரு பல் போகும் என்பார்கள் பெரியவர்கள். குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுவதில்லைதான். ஆனாலும் வருகிறவளையெல்லாம் நீங்கள் திருப்பி அனுப்பினால் பல் போகத்தானே செய்யும்!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். மகப்பேறு டாக்டர்களே, முதல் செக்கப்பிலேயே வாயையும் பாருங்கள். 'பல் சிகிச்சை செய்யலாம்' என்று சீட்டில் ஒரு வரி எழுதுங்கள். பல் டாக்டர்களே, சந்தேகம் என்றால் அவர்களுக்கே போன் போடுங்கள், என்னைத் தூது அனுப்ப வேண்டாம். நாற்காலியை முழுக்கச் சாய்க்காமல், வலது இடுப்புக்கடியில் சின்னத் தலையணை வைத்தால் எங்களால் படுக்க முடியும். திருப்பி மட்டும் அனுப்பாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் மூன்று மாதம் காத்திருக்க முடியாத ஒரு கர்ப்பிணி