கமக்காரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2023/2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வெயில் சாய முதல் இறைப்புக்குப் போக வேண்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். அதனால் கூட்டங்களின் விபரத்தைச் சுருக்கிவிடுகிறேன். நிர்வாக சபை மாதம் தவறாமல் கூடியது. கூட்டக் குறிப்புகள் கொப்பியில் உள்ளன, விரும்பியவர்கள் பார்க்கலாம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு எம்மை விட்டுப் பிரிந்த மூத்த அங்கத்தவர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் மௌன அஞ்சலி செலுத்தினோம்.

இந்த ஆண்டின் முக்கிய வேலை தோட்டக் கொப்பி. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, நவம்பரில் அது நீங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். உரம் திரும்பி வந்தபோது பழைய விலையில் வரவில்லை. அன்று தொடங்கிய கேள்விதான் இது: நாங்கள் போடும் உரம் அவ்வளவும் பயிருக்குத் தேவைதானா? வாயால் வாதாடி முடிவு காண முடியாத கேள்வி. ஆகவே ஆளுக்கொரு கொப்பி கொடுத்தோம். நடுகைத் திகதி, விதை வெங்காயம் வாங்கிய இடம், உரத்தின் நிறை, இறைப்பு மெசின் ஓடிய நேரம், மழை, கிண்டிய வெங்காயத்தின் நிறை, இவ்வளவுதான் எழுதக் கேட்டோம்.

முதல் மாதத்தில் கிடைத்த பதில்களில் ஒன்றை அப்படியே தருகிறேன்: "உந்தக் கொப்பியில எழுதிக்கொண்டு நிண்டா ஆர் தண்ணி மாறுறது?" பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிட ஒரு ஆள் நிற்கத்தான் வேண்டும், நியாயமான கேள்வி. பல வீடுகளில் பிள்ளைகளோ வீட்டுக்காரியோ எழுதத் தொடங்கிய பிறகுதான் கொப்பி ஒழுங்காக நிரம்பியது. திருத்தமாக எழுதப்பட்ட கொப்பிகள் பெரும்பாலும் பெண்களின் கையெழுத்தில் உள்ளன என்பதையும் இங்கு பதிவு செய்கிறேன்.

கொப்பிகளைச் சேர்த்துப் பார்த்தபோது உரத்தைவிட அளவைதான் முதலில் தலையிடி தந்தது. உரச் சிபாரிசு ஹெக்ரேயர் கணக்கில் வரும். நாங்கள் பரப்பு என்ற எங்கள் ஊர்க் காணி அளவில் போடுகிறோம். தோட்டக் காணி 16 பரப்பு ஒரு ஏக்கர், நெற்காணி 24 பரப்பு ஒரு ஏக்கர். வயலில் வெங்காயம் வைத்த சிலர் நெற்பரப்பைத் தோட்டப் பரப்பாக எண்ணி உரம் போட்டிருந்தார்கள். அதாவது தேவையான அளவைவிட அரைவாசி கூட. இனி எல்லோரும் தோட்டப் பரப்பிலேயே எழுதுவோம் என்று தீர்மானித்தோம். ஒரு தோட்டப் பரப்பு 10 பேர்ச், ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஹெக்ரேயருக்கு 100 கிலோ என்று யாரும் சொன்னால் பரப்புக்கு இரண்டரைக் கிலோ என்று மனதில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடகம். ஒரு அங்கத்தவரின் தோட்டத்தில் தராசு வைத்து, ஒரே பனையோலைக் கடகத்தில் தலை தட்டி யூரியாவும் பிறகு ரிஎஸ்பி என்ற பொசுபரசு உரமும் நிறுத்தோம். ரிஎஸ்பி யூரியாவைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாரம் கூட. "எல்லாத்திலயும் ரெண்டு கடகம்" என்று இதுவரை போட்டவர்கள் அன்று தராசு முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சங்கம் வாங்கிய தொங்கு தராசு அதன் பிறகு களஞ்சியத்தில் கிடந்ததே இல்லை. இப்போது அது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கூட்டம் முடிய என்னிடம் சொல்லவும்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறையை விவசாயப் போதனாசிரியர் தோட்டத்துக்கே வந்து காட்டித் தந்தார். வளைந்து வளைந்து நடந்து பல இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரே தடிப்பில் மண்ணைச் சீவி எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை விலக்கி விலக்கி அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். எருக்கும்பி இருந்த இடம், வரம்பு, மரநிழல் கூடாது. இவ்வளவு சொல்லியும் ஒருவர் மண்ணை யூரியாப் பையில் கட்டிக்கொண்டு வந்தார். அவர் பெயர் வேண்டாம், சிரிப்பவர்களைப் பார்த்தாலே தெரியும். அனுப்பிய மாதிரிகளில் சிலவற்றின் முடிவு நடுகை முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு பசளைக்காகச் சணல் விதைக்கும் காலத்திலேயே மண்ணை அனுப்புவதென்று சபை முடிவெடுத்தது.

வந்த முடிவுகள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்லின. எங்கள் செம்மண் சுண்ணக்கல்லின் மேல் கிடப்பது, காரத் தன்மை உள்ளது. ஆண்டாண்டாய் ரிஎஸ்பி போட்ட காணிகளில் பொசுபரசு சேர்ந்து கிடக்கிறது. அதில் ஒரு பங்கு சுண்ணாம்போடு கட்டுண்டிருக்கும். அதற்கு மேலும் மேலும் கொட்டுவதால் பயன் குறைவு, நாகச் சத்துக் (துத்தநாகம்) குறைபாடும் கூடும். குழையும் எருவும் உக்கிச் சேரும் சேதனப் பொருள்தான் எல்லோருக்கும் குறைவு. முன்னர் குழையை மண்ணில் தாழ்த்தாமலும் எருவுக்காக ஆடுமாட்டைத் தோட்டத்தில் பட்டி அடைக்காமலும் தோட்டம் கொத்தியவர்கள் இல்லை. இன்று சீமைக்கிளுவைக் குழை வெட்ட வேலியும் இல்லை, மதிலாகிவிட்டது. பூத்த சணலை உழுது தாழ்ப்பதாவது கைவிடாமல் இருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து.

இந்த ஆண்டு நாங்கள் கண்டவற்றில் பெரியது கிணற்றுத் தண்ணீர். நைத்திரேற்று என்பது தண்ணீரில் கரைந்து நிற்கும் ஒரு நைதரசன் வடிவம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதிகம் என்பது பல காலமாகப் பேசப்படுவதுதான். குடிப்பதைப் பற்றித்தான் இதுவரை பேசினோம், இறைப்பதைப் பற்றிப் பேசவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக 50 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் நைதரசன் மட்டும் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஒரு சிறுபோக வெங்காயத்துக்கு 500 மில்லிமீற்றர் அளவில் இறைத்தால் ஒரு பரப்புக்குப் போகும் தண்ணீர் ஏறக்குறைய 1,26,500 லீற்றர். அதில் நைதரசன் 1.4 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் என்பதால் இது மூன்று கிலோ யூரியாவுக்குச் சமம். காசு கொடுக்காமல் கிணறு தந்த மூன்று கிலோ. அது வேறெங்கிருந்தும் வந்ததல்ல, முன்னைய போகங்களில் நாங்களே போட்டு, மார்கழி மழை கீழே இறக்கியதுதான்.

இந்தக் கணக்கை நம்பாதவர்களும் இருந்தார்கள், நம்பச் சொல்லி நாங்களும் நிற்கவில்லை. விரும்பியவர்கள் ஒரு வரிசைப் பாத்திகளுக்கு வழமைபோலவும், பக்கத்து வரிசைக்குக் கடைசி யூரியாவைப் போடாமலும் பார்த்தார்கள். இரண்டையும் புறம்பாகக் கிண்டி நிறுத்தோம். தண்ணீரில் நைத்திரேற்றுக் கூடிய தோட்டங்களில் நிறை குறையவில்லை. கடைசி யூரியா இல்லாத வெங்காயத்தின் கழுத்து மெலிந்து மூடி, பிடி கட்டிக் காயத் தூக்கிய பிறகு அழுகலும் குறைவாக இருந்தது. நைத்திரேற்றுக் குறைந்த கிணறுள்ள ஒரு காணியில் தாள் வெளிறி விளைச்சலும் இறங்கியது. அதையும் கொப்பியில் அப்படியே எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஒரு போகத்தை வைத்து எல்லோருக்கும் ஒரே அளவு சொல்ல முடியாது, கிணற்றுக்குக் கிணறு மாறும்.

வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்கள் தோட்டக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம் என்று மாதர் அணி வீடு வீடாகச் சொன்னது. காய்ச்சினாலும் நைத்திரேற்று போகாது.

பருத்தி பற்றிய கலந்துரையாடல் குறித்தும் சொல்ல வேண்டும். கரையோரம் காணி வைத்திருக்கும் அங்கத்தவர்கள் கிணறு உவராகிவிட்டதென்று கேட்டதால் அது நடந்தது. உவரின் அளவைக் காட்டுவது மண்கரைசலின் மின்கடத்துதிறன். அது மீற்றருக்கு 1.2 டெசிசீமனைத் தாண்டினாலே வெங்காய விளைச்சல் இறங்கத் தொடங்கும். பருத்தி 7.7 வரை தாங்கும். கேட்கச் சுவைதான். ஆனால் இலங்கையில் பருத்தி என்றால் அம்பாந்தோட்டைப் பக்கம்தான் பேச்சு, இங்கே பஞ்சு அரைக்கவும் வாங்கவும் ஆள் இல்லை. ஆகவே பயிரை விட்டுவிட்டு அவர்கள் செய்யும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பெரிய பருத்திச் செய்கை உள்ள நாடுகளில் பூக்கத் தொடங்கியதும் இலைக்காம்பைப் பறித்து நைத்திரேற்றை அளந்து, அதன்படி உரத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். பிந்தி நைதரசன் போனால் செடி காடாய் வளரும், காய் வெடிக்கப் பிந்தும். காய் நிரம்பும் காலத்தில் பொற்றாசியம் போதாவிட்டால் இலை காலத்துக்கு முன் பழுத்துவிடும். அடியிலை சிவந்து நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால் மக்னீசியக் குறைவு என்று பார்ப்பார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பருத்திக்கென்றே ஒரு சத்துக் கலவையை, ஏக்கருக்கு 2.5 கிலோ 200 லீற்றர் தண்ணீரில், பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் விசிறச் சொல்கிறது. எவ்வளவு என்பதோடு எப்போது என்பதையும் சேர்த்துக் கேட்கும் பழக்கம் இங்கும் வர வேண்டும். கொப்பியில் உரத் திகதிக்கு இந்த ஆண்டு தனி நிரல் போட்டது அதனால்தான்.

புகையிலைக்காரர்கள் எம்ஓபி (பொற்றாசியம் குளோரைட்டு) உரம் பற்றிக் கேட்டார்கள். அதிலுள்ள குளோரைட்டு இலையின் எரியுந் தன்மையைக் கெடுக்கும் என்பது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். பொற்றாசியம் சல்பேற்று வாங்குவதற்குக் கூட்டாகக் கொள்வனவு செய்யலாமா என்று புதிய சபை ஆராய வேண்டும்.

புதிய சபைக்கு இன்னும் இரண்டு வேலை விட்டுச் செல்கிறோம். ஒன்று, கிணற்று நீரைக் காலபோக மழைக்கு முன்னும் பின்னும் சோதிப்பது. மற்றது, உருளைக்கிழங்குச் செய்கையாளர்களையும் கொப்பிக்குள் கொண்டுவருவது.

புதிய கொப்பிகளும் மண் மாதிரிக்கான சுத்தமான பைகளும் வாசல் மேசையில் உள்ளன. பையில் பெயரையும் காணியின் பரப்பையும் எழுதிக் கையெழுத்து வைத்து எடுத்துச் செல்லவும். இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்