வரையச் சொல்லித் தருகிறீர்கள், தாளில் எடுக்க யார் சொல்லித் தருவது?

நெல்லை, பாளை, அம்பை, வள்ளியூர்ப் பக்கமெல்லாம் ஆட்டோகேட் (கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் மென்பொருள்) சொல்லித் தருகிற பயிற்சி நிலையத்தாருக்கும், பாலிடெக்னிக்கில் வரைபட வகுப்பு எடுக்கும் சார்களுக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் பிளாட்டர் (பெரிய தாளில் வரைபடம் அச்சிடும் மெஷின்) போட்டு பிளான் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற கடைக்காரன் எழுதுகிறேன். உங்களிடம் சர்ட்டிபிகேட் வாங்குகிற பிள்ளைகள் அடுத்து வந்து நிற்கிற இடம் எங்களை மாதிரிக் கடைகள்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை, நன்றாக வரைகிறார்கள், கமாண்டெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் பென் டிரைவை நீட்டி "அண்ணாச்சி, ஏ-ஒன்ல ஒண்ணு போடுங்க" என்பவரிடம் "என்ன ஸ்கேல் தம்பி?" என்று கேட்டால் முழிக்கிறார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாள்ல அடங்குற மாதிரி போடுங்க அண்ணாச்சி" என்கிறார்.

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'ஃபிட் டு பேப்பர்' டிக் போட்டால் தாளுக்குள் அடங்க என்ன ஸ்கேல் வேண்டுமோ அதை மெஷினே போட்டுக்கொள்ளும், மூலையில் மட்டும் 1:100 (தாளில் ஒரு மி.மீ. என்றால் தரையில் நூறு மி.மீ.) என்று எழுதியது எழுதியபடி நிற்கும். ஏ-1 தாளுக்கு (594 × 841 மி.மீ.) அமைத்த ஷீட்டை, காசு மிச்சமென்று ஏ-3 தாளில் அடக்கினால் எல்லாம் சரிபாதியாகிவிடும், 3 மீட்டர் அறை 30 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 15 மி.மீ. நிற்கும். இதையாவது யாரும் கண்டுபிடித்துவிடலாம். மோசமானது பிடிஎஃப் சமாச்சாரம். 1:100-இல் ஒழுங்காக பிடிஎஃப் போட்டு எடுத்து வந்து, பிரிண்ட் கொடுக்கும்போது அங்கேயும் 'ஃபிட்' என்று விட்டுவிட்டால் ஓரத்து மார்ஜினுக்காக இரண்டு மூன்று சதவீதம் சுருங்கிவிடும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 97 சதவீதத்தில் வந்த தாளில் 10 மீட்டர் சுவர் 97 மி.மீ.தான் இருக்கும், கொத்தனார் ஸ்கேல் வைத்தால் 9.7 மீட்டர் என்று படிப்பார், ஏறக்குறைய ஒரு அடி போச்சு. எழுதியிருக்கிற அளவைத்தான் பார்க்க வேண்டும், தாளில் ஸ்கேல் வைக்கக் கூடாது என்பீர்கள். சரிதான். மாடிப்படிக்கும் பாத்ரூமுக்கும் அளவே எழுதாமல் விட்ட தாளை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்வார்?

லேஅவுட்டில் (தாளை அமைக்கிற பக்கம்) வியூபோர்ட் (வரைபடம் தெரிகிற சன்னல்) போட்டு, அதற்கு ஸ்கேலைக் கொடுத்து, லாக் செய்து, அந்தப் பக்கத்தை அப்படியே 1:1-இல் பிளாட் (பிரிண்ட்) எடுக்க ஒரு மணி நேரத்தில் சொல்லித் தரலாம். ஷீட்டிலேயே ஒரு ஸ்கேல் பார் (அளவு குறித்த கோடு) வரையச் சொல்லுங்கள், தாள் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும், பார்த்ததும் தெரிந்துவிடும்.

அடுத்தது கலர். கறுப்புத் திரையில் மஞ்சள் கோடு பளிச்சென்று தெரிகிறதென்று கதவு, சன்னல் எல்லாவற்றையும் மஞ்சளில் வரைந்து கொண்டுவருகிறார்கள். வெள்ளைத் தாளில் அது வந்த சுவடே தெரியாது, கிரேஸ்கேலில் எடுத்தாலும் வெளிறித்தான் வரும். மோனோகுரோம் சிடிபி (எந்தக் கலர் கோடு தாளில் என்ன நிறத்தில், என்ன கனத்தில் வரவேண்டும் என்று சொல்லும் ஃபைல்) என்று ஒன்று மென்பொருளிலேயே இருக்கிறது, எல்லாக் கலரையும் கறுப்பாக்கும், அது இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தானே கோட்டுக் கனம் வைத்து சிடிபி தயாரித்திருக்கிற கெட்டிக்காரப் பிள்ளையும் வருவார், ஆனால் டிடபிள்யூஜியை (வரைபட ஃபைல்) மட்டும் கொண்டுவருவார். சிடிபி தனி ஃபைல், அவர் வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும். என் கடையில் சுவரும் டைல்ஸைக் காட்டும் ஹேட்ச் கோடுகளும் ஒரே கனத்தில் வந்து விழும், பழி பிளாட்டருக்கு. மென்பொருளில் இருக்கிற இ-டிரான்ஸ்மிட் போட்டால் எல்லா ஃபைலும் ஒரே கட்டாக வந்துவிடுமே, யாராவது சொன்னால்தானே.

இன்னும் உண்டு. மனை எல்லைக்கோட்டை டெஃப்பாயிண்ட்ஸ் என்கிற லேயரில் (அடுக்கில்) வரைந்தால் திரையில் தெரியும், தாளில் வராது. எஃப்எம்பி (நில அளவைப் புலப்படம்) ஸ்கெட்ச்சைப் படமாக இணைத்து, அந்தப் படத்தைக் கொண்டுவராமல் விட்டால் வெறும் பெட்டிக்குள் ஃபைல் பெயர் மட்டும் வரும். பாமினி எழுத்துருவில் அடித்த வீட்டுக்காரர் பெயர், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கிடக்கும். இத்தனையும் இரவு எட்டு மணிக்கு, ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, காலையில் வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டணும் என்கிற அவசரத்தோடு வரும்.

இப்போதெல்லாம் அப்ரூவலே ஆன்லைனில்தானே, பிரிண்ட் எதற்கு என்று ஒரு சார் கேட்டார். அப்லோட் செய்கிற பிடிஎஃப்பும் அதே பிளாட் விண்டோவில்தானே சார் பிறக்கிறது? அப்புறம் சைட்டில் சிமெண்ட் கையோடு செல்போனில் பிளானைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லி எந்த மேஸ்திரியிடமும் கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று.

நான் கேட்பது ஒன்றுதான். கடைசிப் பரீட்சையைத் திரையில் திருத்தாதீர்கள். பிள்ளை ஒரு ஷீட்டைத் தாளில் எடுத்துக் கொண்டுவரட்டும், நீங்கள் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து மார்க் போடுங்கள். பிளாட்டர் இல்லையென்றால் ஏ-3 பிரிண்டர் போதும், அதுவும் இல்லையென்றால் பிள்ளைகளை என் கடைக்குக் கூட்டி வாருங்கள். காலை பத்து மணிக்குள் கூட்டம் இருக்காது, பழகுவதற்கு வீணான தாளின் மறுபக்கம் தருகிறேன், காசு வேண்டாம். பென் டிரைவை மட்டும் வைரஸ் பார்த்துக் கொடுத்து அனுப்புங்கள்.