51 இருக்கைகளும் ஒரே கட்சிக்கு: பார்கிங்–டாகன்ஹாம் கவுன்சிலர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜூன் 2022

மதிப்புக்குரிய கவுன்சிலர்களுக்கு,

கடந்த மே 5 ஆம் திகதி நடந்த தேர்தலில் கிழக்கு இலண்டனில் உள்ள நமது பரோவின் (உள்ளூராட்சிப் பிரிவின்) 51 கவுன்சிலர் இருக்கைகளையும் தொழிற்கட்சி வென்றிருக்கிறது. 2010, 2014, 2018 ஆகிய ஆண்டுகளிலும் இதே முடிவுதான் வந்தது என்பதால் இது தொடர்ந்து நான்காவது முறை. உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். எங்கள் வட்டாரத்தில் தெரிவான மூவருக்கும் நானே புள்ளடி இட்டேன். தோற்ற தரப்பின் மனக்குறையாக இந்த மடலை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன். எதிர்வரிசையில் ஒருவர்கூட இல்லாத சபையில், கேள்வி கேட்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்பது ஒன்றே நான் உங்களிடம் கேட்க வந்தது.

வாக்களிப்பு நாளன்று காலையில் எண்பதைக் கடந்த என் தந்தையாரை வாக்குச் சாவடிக்கு அழைத்துச் சென்றேன். இந்த நாட்டில் அவர் வாக்களித்தது அதுவே முதல் தடவை. இங்கே தங்க அனுமதி பெற்ற பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள், பிரித்தானியக் குடியுரிமை இல்லாமலேயே வாக்காளர் பட்டியலில் சேரலாம் என்பதை அவரால் அன்று வரை நம்ப முடியவில்லை. மேசையில் இருந்த அலுவலர் பெயரையும் முகவரியையும் கேட்டு, பட்டியலில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்து, வாக்குச் சீட்டை நீட்டினார். அப்பாவோ இடது கையின் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு இலங்கையில் பூசுவதுபோன்ற மைக்காகக் காத்து நின்றார். இங்கே மை பூசுவதில்லை என்று நான் சொன்ன பிறகுதான் சீட்டை வாங்கி, நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பென்சிலைக் கையில் எடுத்தார். மூவருக்கு மிகாமல் வாக்களிக்கலாம் என்று சீட்டின் மேலே எழுதியிருந்ததை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது, "இதென்ன, ஒரு ஆளுக்கு மூண்டு வாக்கோ?" என்று கேட்டார். வீடு திரும்பும்வரை அந்தக் கேள்வியை அவர் விடவில்லை.

அவர் கேட்டதில்தான் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. ஒரு வட்டாரத்தில் 100 பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 45 பேர் ஒரு கட்சியின் மூன்று வேட்பாளர்களுக்கும், 30 பேர் இன்னொரு கட்சியின் மூவருக்கும், 25 பேர் வேறொரு கட்சியின் மூவருக்கும் புள்ளடி இட்டால், 45 பேரின் மூவரும் சபைக்குப் போவார்கள். எஞ்சிய 55 பேருக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பிரதிநிதிகூட இருக்க மாட்டார். இதே கணக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் நடந்தால் பரோ முழுவதும் ஒரே நிறமாகிவிடும். இதற்கு நீங்கள் காரணமல்ல, உங்கள் கட்சி மட்டும் இதனால் பயன்பெறுவதுமில்லை. இதே மே மாதத்தில் இன்னொரு இலண்டன் பரோவான ரிச்மண்டில் தாராளவாத ஜனநாயகக் கட்சிக்கு 54 இல் 48 இருக்கைகள் கிடைத்தன. லூயிஷமில் 54 இருக்கைகளும் இரண்டாவது முறையாகத் தொழிற்கட்சிக்கே போயின. நியூஹாமில் 66 இல் 64.

இந்தப் பரோவின் மக்கள் அனைவரும் ஒரே எண்ணம் கொண்டவர்கள் என்று இருக்கைகளின் எண்ணிக்கையைப் பார்த்து யாராவது நினைத்தால், அதை மறுக்க இரண்டு எண்கள் போதும். 2016 பொதுவாக்கெடுப்பில் இங்கே வாக்களித்தவர்களில் 62.4 வீதமானோர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்றார்கள். இலண்டனில் அப்படிச் சொன்ன பரோக்கள் ஐந்தே ஐந்து. அன்றும் 51 கவுன்சிலர்களும், விலகக் கூடாது என்று பிரசாரம் செய்த கட்சியைச் சேர்ந்தவர்கள். 2019 பொதுத்தேர்தலில், நமது பரோவின் கிழக்குப் பகுதி அடங்கும் டாகன்ஹாம்–ரெய்ன்ஹாம் தொகுதியை உங்கள் கட்சி 293 வாக்கு வித்தியாசத்திலேயே தக்கவைத்தது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நம் தெருவிலும் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் நம்மோடுதான் இருக்கிறார்கள். சபை மண்டபத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை.

இந்த இடத்தில் 2006 ஐ நினைவுபடுத்தாமல் என்னால் கடந்துபோக முடியாது. அந்த ஆண்டு மே மாதம் பிரித்தானிய தேசியக் கட்சி இங்கே 12 இருக்கைகளை வென்று முதன்மை எதிர்க்கட்சியாக அமர்ந்தது. எங்களைப் போன்ற நிறத்தவர்கள் இந்த நாட்டில் இருக்கவே கூடாது என்ற அரசியலிலிருந்து வந்தவர்கள் அவர்கள். முடிவு வெளியான நாளில் எங்கள் வீட்டில் சமையல் நடந்தது, சாப்பாடும் நடந்தது, ஆனால் யாரும் பேசவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, அவர்களுடைய தலைவர் நிக் கிரிஃபின் பார்கிங் தொகுதியில் உங்கள் கட்சியின் மார்கரெட் ஹாட்ஜிடம் தோற்று மூன்றாம் இடத்துக்குப் போனார்; கவுன்சிலில் இருந்த அவர்களுடைய இருக்கைகளும் ஒன்றுவிடாமல் பறிபோயின. அந்தத் தேர்தலுக்காக வீடு வீடாகக் கதவு தட்டிய ஏராளமான மனிதர்களுக்கு நான் இன்றும் நன்றியுடையவன். எதிர்வரிசை வேண்டும் என்று நான் எழுதும்போது, அந்த வரிசை திரும்பி வர வேண்டும் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்தப் 12 இருக்கைகள் எங்கிருந்து வந்தன என்பதையும் நாம் மறக்கக் கூடாது. முதல் உலகப்போருக்குப் பிறகு, கிழக்கு இலண்டனின் நெரிசலிலிருந்து தொழிலாளர் குடும்பங்களை வெளியே கொண்டுவருவதற்காக 1921 இல் பெக்கன்ட்ரீ குடியிருப்பு கட்டத் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 27,000 வீடுகள். உலகிலேயே மிகப் பெரிய கவுன்சில் குடியிருப்பு (உள்ளூராட்சி கட்டி வாடகைக்கு விடும் வீடுகள்) என்ற பெயர் அதற்கு உண்டு. 1931 இல் ஃபோர்ட் கார் தொழிற்சாலை வந்தது. தந்தை ஃபோர்டில் வேலை, மகன் ஃபோர்டில் வேலை, வீடு கவுன்சில் வீடு என்று மூன்று தலைமுறைகள் வாழ்ந்தன. 1980 ஆம் ஆண்டின் சட்டம் குடியிருப்போருக்கு வீட்டை விற்கச் சொன்னது. விற்ற வீட்டுக்கு ஈடாகப் புதிய வீடு எழவில்லை. 2002 இல் கார் பொருத்தும் வேலையும் நின்றது. பேரப்பிள்ளைகள் வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் இருந்தபோது, ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்து இங்கே குடியேற்றுகிறார்கள் என்ற பொய்யைத் துண்டுப்பிரசுரமாக அச்சடித்து வாசல்தோறும் போட்டவர்களுக்குக் காது கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். 1964 இல் நடந்த முதல் தேர்தலிலிருந்து இந்தப் பரோவை ஆள்வது உங்கள் கட்சிதான். அந்தக் காத்திருப்பின் கசப்பு சபைக்குள் நியாயமான குரலில் முன்கூட்டியே ஒலித்திருந்தால், வெளியே அது விஷமாக விலைபோயிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சபையின் நடைமுறையைப் பார்த்தால் என் கவலை இன்னும் கூடுகிறது. 2000 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம், முடிவெடுக்கும் வேலையைத் தலைவரிடமும் அமைச்சரவை போன்ற சிறு குழுவிடமும் கொடுத்து, அந்த முடிவுகளை ஆராயும் வேலையை ஆய்வுக் குழுக்களிடம் விட்டது. நடைமுறைக்கு வருமுன் ஒரு முடிவை நிறுத்தி மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் ஆய்வுக் குழுவுக்கு உண்டு. குழுக்களின் இருக்கைகளைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பகிர வேண்டும் என்கிறது 1989 ஆம் ஆண்டின் சட்டம். கட்சியே ஒன்றுதான் என்றால், ஆராய்பவரும் ஆராயப்படுபவரும் முதல் நாள் மாலை ஒரே கட்சிக் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்களாகத்தான் இருக்க முடியும். உங்களில் பலர் நேர்மையோடு கேள்வி கேட்பவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நண்பரிடம் கேட்கும் கேள்வி வேறு, எதிராளி கேட்கும் கேள்வி வேறு.

தெற்கு இலண்டனின் குரோய்டன் பரோவில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 2020 நவம்பரில் அந்தக் கவுன்சில் தன் வரவுசெலவைச் சமன்செய்ய முடியாது என்று 114 ஆம் பிரிவின் கீழ் அறிவிப்பு விடுத்தது. அதற்கு முந்தைய மாதம் வெளியான கணக்காய்வாளர் அறிக்கை, நிதிநிலையின் ஆபத்தைக் காண மறுத்த கூட்டுக் குருட்டுத்தனம் என்ற பொருள்படும் சொற்களால் அந்த நிர்வாகத்தைக் கண்டித்தது. அங்கே 70 பேர் கொண்ட சபையில் 29 பேர் எதிர்வரிசையில் இருந்தார்கள். இருந்தும் அது நடந்தது. எதிர்வரிசையே இல்லாத சபைக்கு எத்தனை மடங்கு எச்சரிக்கை வேண்டும் என்பதை உங்கள் கணிப்புக்கே விட்டுவிடுகிறேன்.

ஆகையால் உங்கள் கைக்கு எட்டிய சிலவற்றைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக் குழுக்களில் வெளியாரை இணை உறுப்பினராக அமர்த்தச் சட்டம் இடமளிக்கிறது. கல்வி தொடர்பான ஆய்வில் பெற்றோர் பிரதிநிதிகளும் தேவாலயப் பிரதிநிதிகளும் வாக்குரிமையோடு இருப்பது அதற்கு முன்னுதாரணம். வீடமைப்புக்கும் நிதிக்கும் அதே வழியில், எந்தக் கட்சியையும் சேராத குடியிருப்பாளர்களை விண்ணப்பம் கோரித் தேர்ந்தெடுத்து அமர்த்துங்கள். கணக்காய்வுக் குழுவின் தலைவர் பொறுப்பைக் கட்சிக்கு வெளியே உள்ள, கணக்கியல் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஆய்வுக் குழுவில் பேசும்போது கட்சிக் கொறடாவின் கட்டுப்பாடு யாருக்கும் கிடையாது என்று எழுத்தில் அறிவியுங்கள். இந்த மூன்றாவதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் மூன்றிலும் அதுவே முக்கியமானது, அதற்கு ஒரு பவுண்டும் செலவாகாது.

ஆண்டுதோறும் 30 வேலை நாட்களுக்குக் கவுன்சிலின் கணக்குப் புத்தகங்களையும் ஒப்பந்தங்களையும் பற்றுச்சீட்டுகளையும் நேரில் பார்வையிடவும், வாக்காளர் என்ற முறையில் கணக்காய்வாளரிடம் கேள்வி கேட்கவும் 2014 ஆம் ஆண்டின் சட்டம் எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. என் அண்டை வீட்டாரில் ஒருவருக்குக்கூட இது தெரியாது. இணையத்தளத்தின் ஒரு மூலையில் அறிவித்துவிட்டு விட்டுவிடாமல், கவுன்சில் வரிக் கடிதத்தோடு ஒரு பக்கத் தாளாக எல்லா வீடுகளுக்கும் அனுப்புங்கள். தமிழிலும் உருதுவிலும் வங்காளத்திலும் லித்துவேனிய மொழியிலும் நான்கு வரிகள் சேர்த்தால் இன்னும் நல்லது.

தேர்தல் முறையை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அது நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால் வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிக்கும் ஒற்றை மாற்று வாக்கு முறை, வட அயர்லாந்தின் கவுன்சில்களில் 1973 முதலும் ஸ்கொட்லாந்தில் 2007 முதலும் இயங்குகிறது. வேல்ஸில் ஒவ்வொரு கவுன்சிலும் தானே விரும்பி அம்முறைக்கு மாறலாம் என்று 2021 ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்திருக்கிறது. என் தந்தையார் கடைசியாக ஊரில் வாக்களித்த 2018 உள்ளூராட்சித் தேர்தலில்கூட 60 வீத உறுப்பினர்கள் வட்டாரத்திலும் 40 வீதத்தினர் விகிதாசாரத்திலும் தெரிவானார்கள். இங்கிலாந்தின் கவுன்சில்களுக்கு மட்டும் ஏன் அந்தத் தெரிவு இல்லை என்று கேட்கும் தீர்மானம் ஒன்றை, நடப்பு முறையால் அதிகம் பயன்பெற்ற சபையாகிய நீங்களே நிறைவேற்றி அரசாங்கத்துக்கு அனுப்பினால், தோற்றவர்களின் புலம்பல் என்று அதை யாரும் தள்ளிவிட முடியாது.

அடுத்த பரோ தேர்தலுக்கு வாக்குச் சாவடியில் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டியிருக்கும். அதற்கான சட்டம் கடந்த ஏப்ரலில் நிறைவேறிவிட்டது. பொதுநலவாய நாடுகளின் கடவுச்சீட்டும் முதியோரின் பேருந்து அட்டையும் ஏற்கப்படும் என்பதையும், எதுவும் இல்லாதவர்களுக்கு இலவச அடையாளச் சான்றிதழ் உண்டு என்பதையும் கோவில், பள்ளிவாசல், தேவாலயம், மருந்துக்கடை எங்கும் இப்போதிருந்தே சொல்லத் தொடங்குங்கள்.

இதில் கேட்டிருப்பவற்றைக் கேள்விகளாக எழுதி, பார்கிங் நகர மண்டபத்தில் கூடும் அடுத்த முழுச் சபைக் கூட்டத்தின் பொதுமக்கள் கேள்விகளுக்காக அனுப்பவிருக்கிறேன். அங்கே எனக்குக் கிடைக்கும் பதிலை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டிய பொறுப்பும் எனக்கு இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஏன் மூன்று வாக்கு என்று அவர் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்களுக்கு வாக்களித்த
டாகன்ஹாம் குடியிருப்பாளர் ஒருவர்