கல்லூரி மகளிர் கால்பந்து அணிக்கு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர்,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் திருவருளால் எங்கள் கடலூர்க் கல்லூரியின் மகளிர் கால்பந்து அணி, பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு இவ்வாண்டும் ஆயத்தமாகி வருகிறது. இப்பருவத்துக்கு ஆகும் செலவு ரூ.3,70,000. இதுவரை சேர்ந்தது ரூ.1,94,500 மட்டுமே. மீதி ரூ.1,75,500 இம்மாதம் 28ஆம் தேதிக்குள் கிடைக்காவிட்டால், வண்டிக்கும் தங்குமிடத்துக்கும் முன்பணம் கட்ட இயலாமல் போகும்.

2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தில் கடல் ஏறி வந்ததைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் குழுவில் உள்ளனர். அந்தப் பேரழிவில் வீட்டையும் உறவுகளையும் இழந்த சிறுமிகளை இவ்வூர்ப் பயிற்சியாளர்கள் மைதானத்துக்கு அழைத்து வந்து பந்தாடப் பழக்கினார்கள் என்பதை நாங்கள் சொல்லித்தான் ஊரார் அறிய வேண்டும் என்பதில்லை. கடலூர் மண்ணில் ஆடி வளர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடினார். 2018இல் தமிழ்நாட்டு மகளிர் முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றபோது அந்த அணியிலும் அவர் இருந்தார். 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2–1 என்ற கணக்கில் வீழ்த்தித் தமிழ்நாடு மீண்டும் அந்தக் கோப்பையைக் கொண்டுவந்தது. எங்கள் மாணவியர் இந்த வழியில் வருகிறவர்கள். பெரும்பாலோர் மீனவர், விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள்.

பிள்ளைகள் 22 பேர். ஒருவருக்கு நாளொன்றுக்கு ரூ.60 வீதம் முட்டை, வாழைப்பழம், சுண்டலுக்கு 120 நாட்களில் ரூ.1,58,400 ஆகிறது. பயணத்துக்கும் தங்குவதற்கும் ரூ.1,20,000, பூட்ஸுக்கு ரூ.39,600, இரண்டு செட் சீருடைக்கு ரூ.26,400, பதினைந்து பந்துகளுக்கு ரூ.16,500, முதலுதவிப் பொருள்களுக்கு ரூ.9,100. விதிப்படி பந்தின் எடை 410 முதல் 450 கிராம்தான் இருக்க வேண்டும். எங்களிடம் உள்ளவையோ தோல் தேய்ந்து, ஐப்பசி மழையில் நீரைக் குடித்துக் கனத்துப் போகின்றன. சென்ற வாரம் ஒரு மாணவியின் இடது பூட்ஸ் வாய் பிளந்துவிட, அதைச் சணல் கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டு பயிற்சியை முடித்தாள். அதைப் பார்த்த பிறகே இம்மடலை எழுதத் துணிந்தோம்.

சென்ற ஆண்டு உதவிய உள்ளங்களை மறவோம். ஓய்வூதியத்திலிருந்து ரூ.5,000 எடுத்துத் தந்த மஞ்சக்குப்பத்து ஆசிரியை அம்மா, பெயர் சொல்ல வேண்டாம் என்று கூறி மூன்று மூட்டை அரிசி அனுப்பிய மண்டிக்காரர், பயிற்சி நாள்தோறும் பால் கொடுத்துக் காசு வாங்க மறுத்த தேநீர்க் கடை அண்ணன், வெளிநாட்டில் பணிபுரிந்துகொண்டே மாதந்தோறும் தவறாமல் அனுப்பிய முன்னாள் வீராங்கனையர் ஆகிய அனைவருக்கும் இக்குழு கைகூப்பி நன்றி கூறுகிறது.

இதே ஊரில் வரவேற்பு வளைவுக்கும் பதாகைக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். வென்று வந்தால் மாலையுடன் பேருந்து நிலையத்துக்கு வருகிறவர்கள், பிள்ளைகள் புறப்படும் நாளில் வெறுங்கையுடன் நிற்கலாகாது. குறிப்பாக, இந்த மைதானத்தில் ஆடி, விளையாட்டுச் சான்றிதழால் வேலை பெற்றவர்களுக்கு இது கடமை. நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிதே. பணமாகத் தர இயலாதோர் முட்டையாக, அரிசியாகத் தரலாம். கல்லூரி உடற்கல்வித் துறை அறையில் மாலை 4 முதல் 6 மணி வரை உடனே ரசீது பெற்றுக்கொள்ளலாம். அப்போது மைதானத்தில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரு பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

இவண்,
அணி நலக் குழுவினர்